வேலியும் பயிரும்: காதல்-மர்ம நாவல்களில் காப்பவன் யார்?

நள்ளிரவு தாண்டிய நேரம். ஹாம்ப்ஸ்டெட்டில் இருக்கும் தாயையும் தங்கையையும் பார்த்துவிட்டு லண்டனை நோக்கித் தனியே நடந்து வருகிறான் வால்டர் ஹார்ட்ரைட் என்ற ஓவிய ஆசிரியன். நிலா வெளிச்சம். சாலைகள் சந்திக்கும் இடத்தில், பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளை மெல்லத் தொடுகிறது. திரும்பினால், தலை முதல் கால்வரை வெள்ளை உடுத்திய ஒரு பெண். லண்டனுக்கு வழி கேட்கிறாள். என்னைத் தடுக்கக்கூடாது, நான் போக விரும்பும்போது விட்டுவிட வேண்டும் என்று மட்டும் வாக்குக் கேட்கிறாள். அவன் வாக்களிக்கிறான், வண்டி பிடித்து ஏற்றிவிடுகிறான். சற்று நேரத்தில் இன்னொரு வண்டியில் இரண்டு ஆண்கள் வந்து, மனநோய் விடுதியிலிருந்து தப்பிய பெண்ணைப் பார்த்தீர்களா என்று காவலரிடம் விசாரிப்பது அவன் காதில் விழுகிறது. நாம் செய்தது உதவியா, தவறா என்ற கேள்வி அப்போது அவனைப் பிடித்துக்கொள்கிறது.

வில்கி காலின்ஸின் 'வெள்ளை உடைப் பெண்' இப்படித்தான் சூடு பிடிக்கிறது. சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 1859 நவம்பர் முதல் 1860 ஆகஸ்ட் வரை தொடராக வந்த நாவல் இது. ஆபத்தில் ஒரு பெண், காக்க ஒரு ஆண், இடையில் காதல் என்ற கதைவகைக்கு இன்று உலகெங்கும் பெருஞ்சந்தை இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குத் தனி அலமாரி, தனித் தொடர்கள், தனி விருதுகள். தமிழ் மாத நாவல்களிலும் இதே சேர்க்கை பல்லாண்டுகளாக ஓடுகிறது. பொழுதுபோக்கு என்று விமர்சகர்கள் ஒதுக்கிவைத்த இந்த வகையை நான் பல வருடங்களாக விடாமல் படித்து வருகிறேன். என் முடிவு இதுதான்: இந்த நாவல்களில் உயர்ந்தவை எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டவை. வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் என்ன செய்யும்? அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, திருடனை வேலிக்கு வெளியே மட்டும் தேடத் தொடங்கிய கதைகள் விற்பனையில் வென்றிருக்கலாம், உண்மையில் தோற்றன.

தொடக்கம் ஆன் ராட்கிளிஃப். 1794இல் வெளிவந்த அவருடைய 'உடோல்ஃபோவின் மர்மங்கள்' நாவலுக்குப் பதிப்பாளர் கொடுத்த தொகை 500 பவுண்டு. அந்தக் காலத்தில் நாவலுக்கு அது மிகப் பெரிய தொகை. பெற்றோரை இழந்த எமிலி என்ற இளம்பெண், அத்தையின் கணவன் மோன்டோனியிடம் சிக்கி, இத்தாலிய மலைகளில் இருக்கும் ஒரு கோட்டைக்குக் கொண்டுபோகப்படுகிறாள். இரவில் உள்ளிருந்து பூட்ட முடியாத கதவு, கறுப்புத் திரைக்குப் பின்னால் ஏதோ ஒன்று, நடைபாதையில் காலடி ஓசை என்று வாசகரை நடுங்கவைக்கும் சரக்கெல்லாம் இதில் உண்டு. ஆனால் மோன்டோனிக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. அத்தையின் சொத்தும், அதன்பின் எமிலிக்கு வந்து சேரும் நிலமும் அவன் பெயருக்கு மாற வேண்டும். பேய்க்கதை என்று நாம் நினைக்கும் நூலின் நடுவில் இருப்பது ஒரு பத்திரம். காதலன் வாலன்கோர்ட் இந்த நெருக்கடியில் பக்கத்திலேயே இல்லை. பணியாட்களும் கோட்டையில் சிறைப்பட்டிருந்த இன்னொருவனும் துணைநிற்க, எமிலி தப்பி வருகிறாள். இந்தக் கதைவகையின் மூலநூலிலேயே காதலன் காப்பாளன் இல்லை என்பதை இன்றைய எழுத்தாளர்கள் மறந்துவிட்டார்கள்.

ஜேன் ஆஸ்டின் இந்த மோகத்தைக் கிண்டல் செய்துதான் 'நார்த்தாங்கர் அபி'யை எழுதினார் என்பார்கள். ராட்கிளிஃபைப் படித்துப் படித்து, வீட்டுக்காரரான தளபதி டில்னி தம் மனைவியைக் கொன்றிருப்பார் என்று கற்பனை செய்துகொள்கிறாள் கேதரின். அவர் கொலை செய்யவில்லை. ஆனால் இந்தப் பெண்ணிடம் தாம் நினைத்த அளவு பணம் இல்லை என்று தெரிந்ததும், துணைக்கு ஆளில்லாமல் எழுபது மைல் பயணத்துக்கு அவளை வீட்டைவிட்டு அனுப்புகிறார். கேதரினின் சந்தேகம் விவரத்தில் தவறு, அடிப்படையில் சரி.

1847இல் வந்த 'ஜேன் அயர்' பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். ராச்செஸ்டர் குதிரையிலிருந்து விழும்போது தாங்குபவள் ஜேன். அவன் கட்டில் தீப்பிடிக்கும்போது தண்ணீர் ஊற்றி அணைப்பவள் ஜேன். கடைசியில் அவனிடம் திரும்பும்போது சித்தப்பா சொத்தில் தன் பங்கான 5,000 பவுண்டு அவள் கையில் இருக்கிறது, அவன் பார்வையிழந்து நிற்கிறான். காப்பவர் யார், காக்கப்படுபவர் யார் என்ற கணக்கை ஷார்லட் பிரான்டி இப்படித் தலைகீழாக்கிய பிறகுதான் திருமணத்தை நடத்திவைத்தார்.

காலின்ஸிடம் திரும்புவோம், ஏனென்றால் இந்த வகையின் இதயம் அங்கேதான் துடிக்கிறது. லாரா ஃபேர்லி பணக்கார வீட்டுப் பெண். அவளை மணக்க வருபவன் சர் பெர்சிவல் கிளைட். திருமணத்துக்கு முன் எழுதப்படும் சொத்து ஒப்பந்தத்தில், லாரா குழந்தையில்லாமல் இறந்தால் அவளுடைய 20,000 பவுண்டும் கணவனுக்கே சேர வேண்டும் என்று கேட்கிறான். குடும்ப வழக்கறிஞர் கில்மோர் பதறிப்போகிறார். இப்படிப் போட்டால் அவள் சாவதில் அவனுக்கு லாபம் இருக்கும் என்று எந்த வழக்கறிஞருக்கும் தெரியும். காப்பாளராக இருக்கும் சித்தப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்கிறார். சித்தப்பா ஃபிரடெரிக் ஃபேர்லி நாணயங்களையும் ஓவியங்களையும் தடவிக்கொண்டு, நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தே வாழ்பவர். தொந்தரவு வேண்டாம் என்று ஒத்துக்கொள்கிறார். லாராவின் அழிவுக்கு முதல் கதவைத் திறந்தது வில்லன் இல்லை, சட்டப்படி அவளைக் காக்க வேண்டியவரின் சோம்பல்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது கற்பனைக்கு எட்டாத விஷயம் இல்லை. மணமான பெண்ணின் சொத்து பொதுச் சட்டப்படி கணவன் கைக்குப் போய்விடும். அது மாறியது 1870, 1882 சட்டங்களுக்குப் பிறகுதான். மனைவியை மனநோய் விடுதியில் அடைப்பதும் நடந்தது. புகழ்பெற்ற நாவலாசிரியரும் அரசியல்வாதியுமான எட்வர்ட் புல்வர்-லிட்டன், தம்மைப் பொதுமேடையில் கண்டித்த மனைவி ரோசினாவை 1858இல் அடைத்துவைத்தார். பத்திரிகைகள் எழுதி, ஊர் கொதித்த பிறகு சில வாரங்களில் அவர் விடுவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு காலின்ஸின் தொடர் தொடங்குகிறது.

லாராவை உண்மையில் காப்பவள் அவளுடைய தாய்வழிச் சகோதரி மேரியன். அந்த மழைக்காட்சியை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. கணவனும் அவன் கூட்டாளி கவுண்ட் ஃபோஸ்கோவும் இரவில் கீழே நூலக அறையில் சதி பேசப்போகிறார்கள் என்று மேரியனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒட்டுக்கேட்க ஒரே இடம், சன்னலுக்கு வெளியே வராந்தாவின் கூரை. அவள் முதலில் செய்யும் வேலையைக் கவனியுங்கள். சரசரக்கும் பட்டு மேலுடையைக் கழற்றுகிறாள். விரிந்து பரவி இடத்தை அடைக்கும் வெள்ளை உள்பாவாடைகளையும் கழற்றுகிறாள். கறுப்பு மேலங்கியைப் போர்த்து முக்காடிட்டு, கூரை விளிம்பில் பூந்தொட்டிகளுக்கு இடையில் குந்தி உட்காருகிறாள். ஒரு பெண் மூச்சுவிடாமல் நகர வேண்டுமென்றால், பெண்ணென்று அவளுக்கு உடுத்திவிட்டதையெல்லாம் முதலில் இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது. பிறகு மழை பிடிக்கிறது. நனைந்தபடியே கடைசிச் சொல்வரை கேட்டுவிட்டு, அறைக்கு வந்து, காய்ச்சல் ஏறும் வேகத்தில் எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதுகிறாள். எழுத்து உடைந்து, கோணி, நின்றுபோகிறது. பக்கத்தைப் புரட்டினால் வேறொருவர் கையெழுத்து. அவள் மயங்கிக் கிடக்கும்போது ஃபோஸ்கோ அந்த நாட்குறிப்பை முழுதும் படித்து, அவளைப் பாராட்டி ஒரு குறிப்பும் எழுதிவைத்திருக்கிறான். இரத்தம் ஒரு சொட்டும் சிந்தாத அந்தப் பக்கத்தைப் போல என்னை நடுங்கவைத்த காட்சி இந்த வகையில் வேறொன்று இல்லை.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் 1938 முக்கியமான வருடம். அந்த ஒரே ஆண்டில் டாஃப்னி டு மாரியரின் 'ரெபெக்கா' நாவலும், பாட்ரிக் ஹாமில்டனின் 'கேஸ் லைட்' நாடகமும் வந்தன. 'ரெபெக்கா'வில் கதை சொல்லும் இளம் மனைவிக்குப் பெயரே இல்லை. முதல் மனைவியின் நினைவு வீடெங்கும் உயிரோடு இருக்க, திருமதி டான்வர்ஸ் என்ற வீட்டு நிர்வாகி அவளைத் திறந்த சன்னலருகே நிறுத்திக் குதித்துவிடச் சொல்லித் தூண்டுகிறாள். பிறகு ஒரு உண்மை வெளிவருகிறது. முதல் மனைவியைச் சுட்டுக் கொன்றவன் கணவன் மாக்ஸிம்தான். அதைக் கேட்டதும் இவளுக்கு வரும் உணர்வு அச்சமில்லை, நிம்மதி. அவன் முதல் மனைவியை நேசிக்கவில்லை என்ற நிம்மதி! டு மாரியர் இந்த இடத்தில் நம்மையும் குற்றத்துக்கு உடந்தையாக்குகிறார். இதைக் காதல் கதை என்று கொண்டாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். 1940இல் ஹிட்ச்காக் படமாக்கியபோது, மனைவியைக் கொன்றவன் தண்டனையில்லாமல் தப்பக்கூடாது என்ற அமெரிக்கத் திரைத் தணிக்கை விதிக்காக, கொலை விபத்தாக மாற்றப்பட்டது. அறத்தைக் காக்க வந்த விதி, கணவனைக் குற்றத்திலிருந்து கழுவிவிட்டது. இந்தியில் 1964இல் வந்த 'கோஹ்ரா' படமும் இந்த நாவலைத் தழுவியதுதான்.

'கேஸ் லைட்' கதை எளியது. கணவன் வெளியே போவதாகச் சொல்லிவிட்டு, பூட்டிக் கிடக்கும் மேல்மாடியில் புகுந்து, தான் முன்பு செய்த கொலைக்குக் காரணமான நகைகளைத் தேடுகிறான். அங்கே விளக்கேற்றும்போது கீழே மனைவியின் அறையில் எரிவாயு விளக்கு மங்குகிறது. மங்குகிறதே என்று அவள் சொன்னால், உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறான். நாடகத்தில் அவளுக்கு உதவ வரும் துப்பறிவாளர் வயதானவர். 1944இல் இங்கிரிட் பெர்க்மன் நடித்து ஆஸ்கர் வாங்கிய ஹாலிவுட் படத்தில் அவர் அழகான இளைஞராகிவிட்டார். காப்பவன் காதலனாகவும் இருந்தே ஆக வேண்டும் என்ற சந்தை விதி வேலை செய்யும் விதம் இது. ஆனாலும் அந்த இளைஞன் செய்யும் மிகப் பெரிய உதவி, எனக்கும் விளக்கு மங்குவது தெரிகிறது என்று ஒத்துக்கொள்வதுதான். கடைசியில் நாற்காலியில் கட்டுண்ட கணவன், கயிற்றை அறுத்துவிடு என்று கெஞ்சுகிறான். அவள் கையில் கத்தி. பைத்தியக்காரியாயிற்றே நான், எப்படி உதவ முடியும் என்று அவனுடைய பொய்யையே அவனுக்குத் திருப்பித் தருகிறாள். ஒருவருடைய மனத்தெளிவையே சந்தேகிக்க வைக்கும் கொடுமைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொல் இந்தக் கதையிலிருந்து பிறந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தில் இப்படிக் கட்டுப்படுத்தி நசுக்குவது 2015இல்தான் தனிக் குற்றமானது. கதைக்கும் சட்டத்துக்கும் இடையில் எழுபத்தேழு ஆண்டு.

என் கணிப்பில் இந்த வகையின் உச்சம் மேரி ஸ்டூவர்ட். 1958இல் அவர் எழுதிய 'நைன் கோச்சஸ் வெயிட்டிங்' நாவலில் லிண்டா மார்ட்டின் என்ற அநாதைப் பெண், பிரான்சின் ஆல்ப்ஸ் பகுதியில் ஒரு மாளிகைக்கு ஆசிரியையாக வருகிறாள். ஒன்பது வயதுச் சிறுவன் ஃபிலிப்தான் அந்தச் சொத்துக்கு வாரிசு. அவனைக் கொல்லச் சதி நடக்கிறது. சதியின் மூளை சக்கர நாற்காலியில் இருக்கும் சித்தப்பா லியோன் என்று தெரிகிறது. லியோனின் மகன் ராவுலை லிண்டா காதலிக்கிறாள். ராவுலுக்கும் இதில் பங்குண்டா? அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நேரமில்லை. சாதாரண நாவலாசிரியர் இந்த இடத்தில் காதலின் உள்ளுணர்வை நம்பச் சொல்லியிருப்பார். ஸ்டூவர்ட்டின் நாயகி சிறுவனை இரவோடிரவாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு, காதலனிடமிருந்தும் ஒளிந்து ஓடுகிறாள். பின்னால் ராவுல் நிரபராதி என்று தெரிகிறது. அப்படியும் அவள் செய்தது தவறென்று நாவல் எங்கும் சொல்லவில்லை. தன் மனம் புண்படுவதை அவள் ஏற்கலாம், குழந்தையின் உயிரைப் பந்தயம் வைக்க முடியாது. இந்த ஒரு முடிவுக்காகவே நான் இந்த நாவலை இளம்பெண்களுக்குப் பரிந்துரைக்கிறேன். 1962இல் வந்த அவருடைய 'த மூன்-ஸ்பின்னர்ஸ்' நாவலில் கிரீட் தீவின் மலைக்குடிசையில் காயம்பட்டுக் கிடப்பவன் ஆண், காவலிருப்பவள் பெண்.

1960இல் விக்டோரியா ஹோல்ட் என்ற புனைபெயரில் எலினார் ஹிபர்ட் எழுதிய 'மிஸ்ட்ரஸ் ஆஃப் மெல்லின்' பெருவெற்றி பெற்றதும் சந்தை திறந்துகொண்டது. சென்னை வாடகை நூலகங்களில் தேய்ந்த அட்டையோடு கைமாறிய அந்த நூல்களை என் தலைமுறைப் பெண்கள் மறந்திருக்க மாட்டார்கள். அட்டைப்படம் எப்போதும் ஒன்றே: இருண்ட மாளிகை, அதில் ஒரே ஒரு சன்னலில் வெளிச்சம், முன்னால் இரவு உடையில் ஓடும் பெண். ஜோன்னா ரஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1973இல் இந்த நூல்களைக் குவித்துவைத்துப் படித்து ஒரு கட்டுரை எழுதினார். முரட்டு நாயகன் கடைசியில் நல்லவனாகவும், மென்மையாகப் பேசும் இன்னொருவன் கொலைகாரனாகவும் ஆவதே அச்சு என்று காட்டினார். முரட்டுத்தனம் ஆழ்ந்த அன்பின் வெளிப்பாடு என்று கற்றுத்தரும் அச்சு அது. சரியான பார்வைதான். ஆனால் யாரை நம்புவது என்று பக்கத்துக்குப் பக்கம் எடைபோடும் பழக்கத்தையும் அந்த நூல்கள் கொடுத்தன என்பதை ரஸ் போதிய அளவு மதிக்கவில்லை என்பது என் எண்ணம்.

பிறகு காவலர் யுகம். 1984இல் ஹார்லெக்வின் நிறுவனம் காதல்-மர்மத்துக்கென்றே தனித் தொடரைத் தொடங்கியது. போலீஸ்காரர், முன்னாள் ராணுவ வீரர், மெய்க்காப்பாளர் ஆகியோர் நாயகர்களானார்கள். ஆபத்து வீட்டைவிட்டு வெளியேறியது. முகம் தெரியாத தொடர்கொலையாளி, வெறிகொண்ட ரசிகன், போதைக் கும்பல் என்று வில்லன் அந்நியனானான். 1992இல் வந்த 'த பாடிகார்ட்' படம் இந்த அலையின் கொடி. 1990இல் கலிஃபோர்னியா அமெரிக்காவிலேயே முதலாக, பின்தொடர்ந்து தொல்லை தருவதைக் குற்றமாக்கியிருந்தது. நடிகை ரெபெக்கா ஷேஃபர் 1989இல் ஒரு ரசிகனால் தம் வீட்டு வாசலில் கொல்லப்பட்டது அதற்கு ஒரு காரணம். அந்நியன் பற்றிய பயம் பொய்யில்லை. ஆனால் எண்ணிக்கை வேறு கதை சொல்கிறது. 2023இல் உலகம் முழுவதும் சுமார் 51,100 பெண்களும் சிறுமியரும் கணவன், துணைவன் அல்லது குடும்பத்தார் கையால் கொல்லப்பட்டார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன. நாளொன்றுக்கு 140 பேர். கொல்லப்பட்ட பெண்களில் பத்துக்கு ஆறு பேர். 'த பாடிகார்ட்' படத்திலேயே கொலையாளியை ஏவியது பாடகியின் உடன்பிறந்த அக்கா. கதை எழுதியவருக்கு உண்மை தெரிந்திருக்கிறது, அலைதான் அதை மறந்தது.

இதற்காக வாசகிகளைக் குறைசொல்வது அநியாயம். ஜேனிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க ஊர் ஒன்றின் காதல் நாவல் வாசகிகளிடம் பொறுமையாகக் கேட்டார். நாளெல்லாம் வீட்டாரைக் கவனித்துக் களைத்த அந்தப் பெண்கள், தங்களை யாரோ கவனித்துக்கொள்ளும் உணர்வுக்காகப் படித்தார்கள். முரட்டு நாயகனைவிட மென்மையானவனையே விரும்பினார்கள். காப்பாளன் என்ற கனவின் அடியில் இருப்பது களைப்பு. அதை மதிக்கத்தான் வேண்டும்.

நோரா ராபர்ட்ஸ் 2012இல் எழுதிய 'த விட்னெஸ்' இந்த முடிச்சை நேர்மையாக அவிழ்க்கப் பார்க்கிறது. பதினாறு வயதில் ஒரு கொலையைப் பார்த்துவிட்ட பெண்ணை அரசுக் காவலர்கள் பாதுகாப்பு வீட்டில் வைக்கிறார்கள். அந்தக் காவலர்களுக்குள்ளேயே விலைபோனவர்கள் இருக்கிறார்கள். தப்பியவள் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஆர்கன்சாவின் ஒரு சிற்றூரில் வேறு பெயரில், கேமராக்களும் பயிற்சி பெற்ற நாயும் துப்பாக்கிகளுமாகத் தனியே வாழ்கிறாள். ஊர்க் காவல் தலைவன் புரூக்ஸ் அவளைக் காதலிக்கிறான். ஆனால் கும்பலை வீழ்த்துவது அவளுடைய கணினி அறிவு. தன்னைக் காக்கத் தெரிந்தவள், துணையை ஏற்பது எப்படி என்று கற்கும் கதை இது.

தமிழில் காதலும் கொலையும் கலந்த மாத நாவல்களுக்குக் குறைவில்லை. படங்களில் பார்த்தால், 2003இல் வந்த 'காக்க காக்க'விலும் 2006இல் வந்த 'வேட்டையாடு விளையாடு'விலும் மனைவியர் இறப்பது கணவன் போலீஸ் என்பதனால். அவனைப் புண்படுத்த அவர்களைத் தாக்குகிறார்கள். காப்பவனால் வரும் ஆபத்து என்ற கனமான கருவைக் கையில் எடுத்துவிட்டு, அவன் பழிவாங்குவதைப் பார்க்க நம்மை அழைத்துப் போய்விடுகின்றன இரண்டும். இணையத்தில் வளர்ந்திருக்கும் தமிழ்த் தொடர்கதைகளில் 'ஆன்டி ஹீரோ' என்ற பெயரில் கடத்தி, பூட்டிவைத்து, கட்டாயத் தாலி கட்டுபவனே கடைசியில் காப்பாளனாகும் கதைகள் குவிகின்றன. எழுதுபவர்களும் படிப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள் என்பதால் மென்று விழுங்காமல் சொல்கிறேன்: பூட்டியவனிடமே சாவியை வாங்கி அதைக் காதல் என்று சொல்வது கதையில்கூட வேண்டாம். இந்தியச் சட்டம் 2013இல் பெண்ணைப் பின்தொடர்வதைக் குற்றம் என்றது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாவட்டந்தோறும் அமர்த்தப்படும் அதிகாரியின் பதவிப் பெயரே 'பாதுகாப்பு அலுவலர்'. மெய்க்காப்பாளனைவிடச் சுவையான பாத்திரம் அவர். மேசையில் குவிந்த மனுக்கள், நீதிமன்ற அலைச்சல், புகார் கொடுத்த அன்றிரவே அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டிய பெண். இதை எழுதிய தமிழ் மர்ம நாவல் எதையும் நான் படித்ததில்லை.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நாயகன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரட்டும், தவறில்லை. அதற்கு முன் ஒரு அத்தியாயம், ஒரே ஒரு அத்தியாயம், உங்கள் நாயகியை அந்த வராந்தாக் கூரைமேல் மழையில் உட்கார வையுங்கள். கீழே பேசுகிறவர்களில் அவனும் இருக்கிறானா என்று அவள் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.